மணலா, மரபணுவா? குடும்பவழிப் புற்றுநோய்ச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கன்னியாகுமரி மாவட்டத்தில் புற்றுநோய் பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு பக்கம் போகும். மணவாளக்குறிச்சி, மிடாலம் போன்ற கடலோர ஊர்களில் தாதுமணலைக் கைகாட்டுவார்கள். கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தபிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. உள்நாட்டு ஊர்களிலோ, ஒரே வீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நோய் வந்துவிட்டால் "அது அந்தக் குடும்பத்திலேயே உள்ளது" என்று முடித்துவிடுவார்கள். இதற்கு நடுவே அரசு ஒரு பரிசோதனைத் திட்டத்தை நடத்துகிறது. தனியார் ஆய்வகங்கள் எச்சில் அனுப்பினால் போதும் என்று ஜெனெடிக் டெஸ்ட் விற்கின்றன. எது எதற்கு, யாருக்கு என்று தெரியாமல் பணத்தைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவசியம் செய்ய வேண்டியிருந்தும் செய்யாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கூட்டம்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

பரிசோதனை வேறு, மரபணுச் சோதனை வேறு

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று இடங்களில் நோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று அதில் பார்க்கிறார்கள். அதாவது, இப்போது உடம்பில் நோயோ அதன் முன்நிலையோ இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

மரபணுச் சோதனை அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ பிறக்கும்போதே வந்த ஒரு மாற்றம், இவருக்குச் சில புற்றுநோய்கள் வரும் வாய்ப்பை மற்றவர்களைவிட உயர்த்தி வைத்திருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. நோயே இல்லாதவருக்கும் "மாற்றம் இருக்கிறது" என்று வரலாம். நோய் முற்றியவருக்கும் "இல்லை" என்று வரலாம். ஆகவே ஒன்றைச் செய்தால் இன்னொன்று வேண்டாம் என்று இருக்கக்கூடாது. ஜெனெடிக் டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வந்த பெண்ணும் முகாமுக்குப் போய் மார்பகத்தையும் கருப்பை வாயையும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய முழுக் காரணமும் ஹெச்பிவி என்ற வைரஸ். வாய்ப் புற்றுநோய்க்குப் பின்னால் பெரும்பாலும் புகையிலையும் பாக்கும் இருக்கின்றன.

உடம்புக்குள் நடப்பது

நம் ஒவ்வொரு செல்லிலும் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இரண்டிரண்டு பிரதிகள், அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று. செல் பெருகும்போது டிஎன்ஏவில் எழுத்துப் பிழைகளும் முறிவுகளும் நிகழ்ந்துகொண்டே இருக்கும். அவற்றைச் சரிசெய்வதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. மார்பகம், சினைப்பைப் புற்றுநோயோடு பேசப்படும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டும் அந்த வகை. பிஆர்சிஏ1 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று மேரி-கிளேர் கிங் குழுவினர் 1990இல் காட்டினார்கள். 1994இல் அது பிரித்தெடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 13ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ2.

ஒரு பிரதி பிறக்கும்போதே கெட்டுப்போய் வந்தால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது, இன்னொரு பிரதி வேலையைப் பார்க்கும். எப்போதாவது ஒரு செல்லில் அந்த இரண்டாவது பிரதியும் கெட்டால், அங்கிருந்து நோய் தொடங்க வழி கிடைக்கிறது. ஆல்ஃப்ரெட் நட்சன் 1971இல் குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோயை வைத்து இதை விளக்கினார். மற்றவர்களுக்கு இரண்டு அடி விழ வேண்டிய இடத்தில், இவர்களுக்கு ஓர் அடி பிறப்பிலேயே விழுந்துவிடுகிறது. பரம்பரைப் புற்றுநோய் இளவயதிலேயே வருவதற்கும், இரண்டு மார்பகத்திலோ இரண்டு கண்ணிலோ தனித்தனியாக வருவதற்கும் இதுதான் காரணம்.

இங்கே ஒரு பிரிவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றோரிடமிருந்து வந்து உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது பரம்பரை மாற்றம். வாழ்நாளில் வயது, புகையிலை, கதிர்வீச்சு, வைரஸ் அல்லது வெறும் தற்செயலால் ஒரு செல்லில் மட்டும் உண்டாகி, அங்கிருந்து கட்டியாக வளர்வது பின்னால் வந்த மாற்றம். முதலாவது பிள்ளைகளுக்குப் போகலாம். இரண்டாவது போகாது. எல்லாப் புற்றுநோய்களிலும் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே முதல் வகையோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

மருத்துவமனையில் கட்டியிலிருந்து எடுத்த சதையை வைத்தும் மரபணுச் சோதனை செய்வார்கள். அது முக்கியமாக எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்ப்பதற்கு. அந்த ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ மாற்றம் என்று இருந்தால் அது பரம்பரையா, கட்டியில் மட்டும் உள்ளதா என்று தெரிய ரத்தத்திலோ எச்சிலிலோ தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாக நினைத்துப் பிள்ளைகள் பயந்துபோவது உண்டு.

மணல் பற்றிய கேள்விக்கு இதில் பதில் கிடைக்காது

குமரிக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு. அதனால் இந்தக் கரையோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கதிர்வீச்சு ஒருவருக்குப் புற்றுநோயைத் தந்தால், அது அவருடைய ஏதோ ஓர் உறுப்பின் செல்லில் பின்னால் நிகழ்ந்த மாற்றமாகத்தான் இருக்கும். ரத்தத்தில் செய்யும் பரம்பரைச் சோதனை அந்த இடத்தைத் தேடுவதே இல்லை. ஆகவே, "டெஸ்டில் பரம்பரை இல்லை என்று வந்துவிட்டது, அப்படியானால் மணல்தான்" என்று வாதாட முடியாது. "டெஸ்டில் பரம்பரை என்று வந்தது, ஆகவே மணலில் ஆபத்து இல்லை" என்றும் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தின் ரிப்போர்ட் ஓர் ஊரின் சுற்றுச்சூழலுக்குச் சான்று ஆகாது.

ஊர் அளவிலான கேள்விக்கு ஊர் அளவிலான ஆய்வு வேண்டும். இதே மணல் பரவிய கேரளத்தின் கருநாகப்பள்ளியில் திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்) அப்படி ஒரு நீண்ட ஆய்வை நடத்தியது. ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2005 முடிவுவரை அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. வாங்கிய கதிர்வீச்சின் அளவு கூடக்கூடப் புற்றுநோய் கூடுவதாக அதில் தெரியவில்லை. முடிவு 2009இல் வெளியானது. அதற்கு முன் 2002இல், கேரளத்தின் அதே கடலோரப் பகுதியில் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் மாற்றங்கள் அதிகமாகக் காணப்படுவதாக வேறொரு ஆய்வு வந்தது. அது புற்றுநோய்க் கணக்கு அல்ல. பரம்பரைப் புற்றுநோய்ச் சோதனை அந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்ப்பதும் இல்லை. கேரளத்தில் கிடைத்த முடிவை அப்படியே தூக்கிவந்து குமரிக்குப் பொருத்துவதும் சரியாகாது. வாழ்க்கைமுறை, தொழில், மணல் எடுக்கும் விதம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கடலோர மக்கள் தங்கள் ஊருக்கான ஆய்வைக் கேட்பது நியாயமான கோரிக்கை. அதைத் தனிக் குடும்பங்களின் எச்சில் டெஸ்ட்டால் ஈடுகட்ட முடியாது.

மூன்று பேருக்கு வந்தால் பரம்பரையா?

இந்தியாவில் ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வரும் என்பது தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மதிப்பீடு. அப்பா வழி, அம்மா வழி எல்லாம் சேர்த்து 27 பேர் உள்ள குடும்பம் என்றால், எந்தப் பரம்பரைக் கோளாறும் இல்லாமலே சராசரியாக மூன்று பேரை எதிர்பார்க்கலாம். தாத்தாவுக்கு 75 வயதில் நுரையீரல், மாமாவுக்கு வெற்றிலை புகையிலையால் வாய், அத்தைக்குக் கருப்பை வாய் என்று வந்திருந்தால் அது துயரம்தான், ஆனால் ஒரே மரபணுவின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு.

எண்ணிக்கையைவிட எந்த வகை, எந்த வயது, எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் கேட்பது நல்லது:

1. 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய். டிரிபிள் நெகட்டிவ் (வழக்கமாகப் பார்க்கும் மூன்று ஏற்பிகளும் கட்டியில் இல்லாத வகை) என்று ரிப்போர்ட்டில் இருந்தால் வயதைப் பார்க்க வேண்டாம்.

2. எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய். இது ஒருவருக்கு வந்திருந்தாலே போதும், வேறு உறவினர் யாருக்கும் வந்திருக்க வேண்டியதில்லை.

3. ஆணுக்கு மார்பகப் புற்றுநோய்.

4. எந்த வயதிலும் கணையப் புற்றுநோய், அல்லது உடம்பில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்.

5. 50 வயதுக்குள் பெருங்குடல் அல்லது கருப்பையின் உட்சுவர்ப் புற்றுநோய். ஒரே பக்கத்து உறவில் இந்த இரண்டும் கலந்து வந்தாலும் சரி. லிஞ்ச் நோய்க்குறி என்ற வேறொரு பரம்பரைக் கோளாறின் அடையாளம் இது.

6. ஒரே ஆளுக்கு இரண்டு தனித்தனிப் புற்றுநோய்கள், அல்லது குழந்தைக்குக் கண் புற்றுநோய்.

அப்பா வழியை மறக்கிறோம்

"மார்பகப் புற்றுநோய் தாய்வழி வருவது" என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இது தவறு. பிஆர்சிஏ மாற்றம் உள்ள அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. மகனா மகளா என்று அது பார்ப்பதில்லை. அப்பாவுக்கு நோயே வராமல் இருக்கலாம். அவருடைய அக்காளுக்கும் அம்மாவுக்கும் வந்திருக்கும். மகளிடம் மருத்துவர் "குடும்பத்தில் யாருக்காவது உண்டா?" என்று கேட்கும்போது அவள் அம்மா, சித்தி, பெரியம்மாவை மட்டும் நினைத்து "இல்லை" என்பாள். அத்தை நினைவுக்கே வரமாட்டார்.

ஆண்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. கணையமும் மார்பகமும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. வீட்டில் பெண்களை மட்டும் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் ஒதுங்கிக்கொண்டால் பாதிக் குடும்பம் விடுபட்டுப் போகும்.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்ததால்தான் இது வந்தது என்ற பேச்சும் உண்டு. பிஆர்சிஏ, லிஞ்ச் இரண்டிலும் ஒரு பிரதி கெட்டாலே ஆபத்து கூடிவிடும் என்பதால், சொந்தக் கல்யாணம் இவற்றுக்குக் காரணம் அல்ல. ஆனால் கணவன் மனைவி இருவரிடமும் பிஆர்சிஏ2 மாற்றம் இருந்தால், இரண்டு கெட்ட பிரதியும் சேர்ந்து வரும் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரலாம். அத்தை மகன், மாமன் மகள் என்று மணம் முடிக்கும் குடும்பத்தில் மாற்றம் இருப்பது தெரிந்தால் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்று தலைமுறையை ஒரு தாளில் எழுதுங்கள்

சோதனைக்கு முன் நடக்க வேண்டிய மரபியல் ஆலோசனையில் முதல் வேலையே குடும்ப வரைபடம் போடுவதுதான். தாத்தா பாட்டி தலைமுறை தொடங்கி யார் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று எழுதுவார்கள். நம் வீடுகளில் தகவல் கிடைக்கும் விதம் வேறு. "வயிற்றில் கட்டி வந்து செத்தாள்" என்பார்கள். அது சினைப்பையா, கருப்பையா, குடலா என்று யாருக்கும் தெரியாது. "மஞ்சள்காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்தார்" என்பது கணையப் புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம், கல்லீரல் நோயாகவும் இருந்திருக்கலாம். கருப்பையோடு சினைப்பையையும் சேர்த்து இளம் வயதிலேயே எடுத்துவிட்ட பாட்டிக்கு நோய் வராமலே போயிருக்கும். அதனால் ஆபத்து இல்லாத குடும்பம் போலத் தோன்றும்.

குமரி மாவட்டத்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பல குடும்பங்கள் தலைமுறையாகத் திருவனந்தபுரம் ஆர்சிசிக்கும் நெய்யூருக்கும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போய் வந்தவை. பழைய ஃபைல் பீரோவிலோ பரணிலோ கிடந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள பயாப்சி ரிப்போர்ட்டின் ஒரு வரி, பெரியவர்கள் சொல்லும் பத்துக் கதைகளைவிடப் பயன்படும்.

முதலில் யாருக்குச் செய்ய வேண்டும்?

எல்லாவற்றிலும் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். அம்மாவுக்கு நோய். மகள் பயந்து தனக்கு டெஸ்ட் எடுக்கிறாள். "மாற்றம் இல்லை" என்று வருகிறது. நிம்மதியாகிவிடுகிறாள். இந்த நிம்மதிக்கு அடிப்படை இருக்கிறதா என்றால், அம்மாவுக்குச் செய்து பார்க்காதவரை சொல்ல முடியாது.

மகளுக்கு இல்லை என்று வந்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அம்மாவிடம் மாற்றம் இருந்து, மகளுக்கு அது வராமல் போயிருக்கலாம். அது உண்மையிலேயே நல்ல செய்தி. அம்மாவின் நோய்க்குப் பரம்பரை மாற்றமே காரணமாக இல்லாமல் இருக்கலாம். அல்லது, அம்மாவிடம் இருப்பது இந்த டெஸ்ட் தேடாத வேறொரு மரபணுவில் இருக்கலாம், அப்போது மகளிடமும் அது இருந்தும் கண்ணுக்குப் படவில்லை. மூன்றும் ஒரே மாதிரி ரிப்போர்ட்டாகத்தான் கையில் வரும்.

அதனால் நோய் வந்தவருக்கு, அவர்களிலும் மிக இளவயதில் வந்தவருக்கு, முதலில் முழுப் பேனல் சோதனை, அதாவது பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்ப்பது. அவரிடம் ஒரு குறிப்பிட்ட மாற்றம் கிடைத்துவிட்டால், மற்ற உறவினர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், பதிலும் ஆம், இல்லை என்று தெளிவாக வரும். அதாவது இந்தச் சோதனை ஓர் ஆளுக்கானது அல்ல, குடும்பத்துக்கானது. அதன் சாவி நோயாளியின் ரத்தத்தில் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போது எடுக்கும் சில மில்லிலிட்டர் ரத்தம், பின்னால் தங்கைகளுக்கும் மகன்களுக்கும் பேத்திகளுக்கும் பதில் சொல்லும். அவர் போனபிறகு மருத்துவமனையில் மெழுகுக் கட்டையில் இருக்கும் சதையை வைத்துச் சிலசமயம் முயலலாம், ஆனால் அதில் டிஎன்ஏ சிதைந்திருக்கும், எப்போதும் பலன் கிடைக்காது.

கடைசிக் கட்டத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்கக் குடும்பத்தார் தயங்குவார்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் இந்தச் சோதனை நோயாளிக்கே உதவலாம் என்பதைச் சொல்லிக் கேட்கலாம். பிஆர்சிஏ மாற்றம் உள்ள சினைப்பை, மார்பகப் புற்றுநோய்க்கு ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் 2014 முதல் படிப்படியாகப் பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. டிபி53 என்ற மரபணுவில் பரம்பரை மாற்றம் இருப்பவருக்கு, முடிந்தவரை கதிரியக்கச் சிகிச்சையைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். எனவே சிகிச்சை தொடங்கும் சமயத்திலேயே கேட்டுவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

சோதனைக்கு நேரில் பெரிய ஊருக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ரத்தமோ எச்சிலோ நாகர்கோவிலில் எடுத்து அனுப்பலாம். ஆலோசனைக்குத்தான் சரியான ஆள் வேண்டும். அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் சிஎம்சி, மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் பரம்பரைப் புற்றுநோயில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

எந்த டெஸ்ட் என்பதும் கேட்க வேண்டியது. சில மலிவான எச்சில் கிட்கள் மரபணு முழுவதையும் படிப்பதில்லை, முன்கூட்டித் தெரிந்த சில இடங்களை மட்டும் பார்க்கும். அமெரிக்காவில் 2018இல் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்த பிஆர்சிஏ சோதனை மூன்றே மாற்றங்களைத்தான் பார்த்தது. மூன்றும் அஷ்கெனாசி யூதரிடம் (ஐரோப்பிய வழி வந்த யூதப் பிரிவினர்) அதிகம் காணப்படுபவை. அவற்றில் 185டெல்ஏஜி என்பது தென்னிந்தியக் குடும்பங்களிலும் கிடைத்திருக்கிறது. ஆனால் பிஆர்சிஏவில் நோய் தரும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மூன்றைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றால் அதற்கு நம் ஊரில் பெரிய மதிப்பில்லை. முழு மரபணுவையும் படிக்கிறார்களா, பெரிய துண்டு விடுபட்டிருந்தால் அதையும் கண்டுபிடிப்பார்களா என்று கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் வரும் மூன்று பதில்கள்

நோய் தரும் மாற்றம் உண்டு என்பது ஒன்று. இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவது, "பொருள் உறுதியாகாத மாற்றம்". ஆங்கில ரிப்போர்ட்டில் வியுஎஸ் என்று மூன்று எழுத்தில் இருக்கும். எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அது தீங்கு செய்யுமா செய்யாதா என்று இன்னும் தெரியாது என்று அர்த்தம்.

இந்த மூன்றாவது பதில் இந்தியர்களுக்கு அதிகமாக வருகிறது. காரணம், உலகத் தரவுத்தளங்களில் இருப்பதில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினரின் மரபணுக்கள். நம்மிடம் சாதாரணமாக இருக்கும் ஒரு வேறுபாடுகூட அங்கே புதியதாகத் தெரியும். 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. இதுபோன்ற வேலைகளால் இந்தச் சந்தேகப் பட்டியல் மெல்லக் குறையும்.

அதுவரை நினைவில் வைக்க வேண்டியது: பொருள் உறுதியாகாத மாற்றத்தை வைத்து மார்பகத்தையோ சினைப்பையையோ அகற்றக்கூடாது. உறவினர்களைச் சோதிக்கவும் அதைப் பயன்படுத்தக்கூடாது. குடும்ப வரலாறு எப்படியோ அப்படியே கண்காணிப்பு. இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே மாற்றி எழுதப்படுகின்றன. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

மாற்றம் இருந்தால் செய்யக்கூடியவை

இந்தியப் பெண்களில் சுமார் 30 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. 2017இல் வெளியான பெரிய ஆய்வின்படி 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களுக்கு 72 சதவீதம், பிஆர்சிஏ2 மாற்றம் உள்ளவர்களுக்கு 69 சதவீதம். சினைப்பைக்கு முறையே 44, 17. அந்த ஆய்வில் இருந்தவை பெரும்பாலும் மேற்கத்தியக் குடும்பங்கள், ஆகவே இங்கே எண் கொஞ்சம் மாறலாம். எண் பெரியதுதான், ஆனால் 72 என்பது 100 அல்ல. செய்வதற்கும் நிறைய இருக்கிறது.

1. மார்பகம்: 25 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ, 30 முதல் அதோடு மேமோகிராமும். சிலர் இரண்டு மார்பகத்தையும் முன்கூட்டியே அகற்றிக்கொள்கிறார்கள். அது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஏஞ்சலினா ஜோலி 2013இல் இதைச் செய்துகொண்டு வெளிப்படையாக எழுதியபிறகுதான் உலகம் முழுக்க இது வீட்டுப் பேச்சானது. ஆனால் இது கட்டாயம் அல்ல, ஒழுங்காகக் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழிதான்.

2. சினைப்பை: இங்கே நிலைமை வேறு. ஸ்கேனோ சிஏ-125 ரத்தப் பரிசோதனையோ இந்த நோயை நம்பகமாக முன்கூட்டிப் பிடிப்பதில்லை. அதனால் பிள்ளை பெற்று முடித்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் அகற்றச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 45 வரை பொறுக்கலாம். இளவயதிலேயே மாதவிடாய் நிற்பதால் எலும்பு, இதயம், தூக்கம் எல்லாம் பாதிக்கும். அதற்கான சிகிச்சையையும் முன்பே பேசிவிட வேண்டும்.

3. லிஞ்ச்: இதில் கொலோனோஸ்கோபி உண்மையிலேயே உயிர் காக்கிறது. மரபணுவைப் பொறுத்து இளவயதிலேயே தொடங்கி ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்து, சிறு முளைகளை அங்கேயே எடுத்துவிடுகிறார்கள்.

4. ஆண்கள்: பிஆர்சிஏ2 உள்ளவர்கள் 40 வயது முதல் புராஸ்டேட் பரிசோதனை, மார்பில் கட்டி தெரிந்தால் உடனே காட்டுவது.

பிள்ளைகள், கல்யாணம், காப்பீடு

பெரிய வயதில் வரும் நோய்களுக்கான பிஆர்சிஏ போன்றவற்றை 18 வயதுக்குள் சோதிப்பதில்லை. அந்த வயதில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, முடிவு அந்தப் பிள்ளை வளர்ந்து எடுக்க வேண்டியது. குழந்தைப் பருவத்திலேயே நோய் வரும் வகைகளுக்கு இது பொருந்தாது. கண் புற்றுநோய்க்கான ஆர்பி1 மாற்றம் உள்ள வீட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்ததும் கண்ணைப் பார்க்க வேண்டும். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் முளை உண்டாகும் ஏபிசி மாற்றம், தைராய்டைத் தாக்கும் ரெட் மாற்றம் ஆகியவற்றிலும் குழந்தையிலேயே சோதிப்பார்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பல பெற்றோர் முதலில் நினைப்பது மகளின் கல்யாணத்தை. வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் அந்தப் பயத்தால் ரிப்போர்ட்டை ஒளித்துவைத்தால், 25 வயதில் தொடங்க வேண்டிய எம்ஆர்ஐ 38 வயதில் கட்டி தெரியும்போதுதான் தொடங்கும். மகனிடம் அதே மாற்றம் இருந்தால் யாரும் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, இது அநியாயம். ரிப்போர்ட்டை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பயன் பெறக்கூடிய ரத்த உறவுக்குச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, மரபணு வழி நோய் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மருத்துவக் காப்பீட்டுத் தொகையை மறுப்பது செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இதயத் தசை நோய் உள்ள ஒருவரின் வழக்கு அது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. அமெரிக்காவில் 2008இல் வந்ததுபோல மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள், மறைத்தது தெரிந்தால் பின்னால் பணம் கிடைக்காது. காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் சோதனைக்கு முன்பே எடுத்துவிடச் சொல்லும் ஆலோசகர்களும் உண்டு.

தரவு பற்றியும் கேளுங்கள். 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் லட்சக்கணக்கானோரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவல் யார் கைக்குப் போகும் என்பதே பெரிய கேள்வியானது. மாதிரியை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்களா என்று கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும்.

உறவினர்களுக்குத் தகவல் போவது எப்படி

குமரிக் குடும்பம் ஒன்றில் ஒரு பிள்ளை துபாயில், இன்னொன்று சென்னையில், அத்தை மக்கள் நெடுமங்காட்டில் இருப்பார்கள். "எனக்கு ஜீன் பிரச்சினை இருக்காம், நீயும் பார்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் அவர்கள் மறுபடி முழுப் பேனலுக்குப் பணம் கட்டுவார்கள், அல்லது ஒன்றும் செய்யமாட்டார்கள். தேவையானது ரிப்போர்ட்டின் நகல். அதில் மரபணுவின் பெயரும், அதன் பின்னால் சி என்ற எழுத்தில் தொடங்கும் எண் வரிசையும் இருக்கும். அந்த வரிசைதான் மாற்றம் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வது. ஊர் வேறானாலும் நாடு வேறானாலும் எந்த ஆய்வகமும் அதை வைத்து அந்த ஓர் இடத்தை மட்டும் தேடிச் சொல்லிவிடும். பக்கம் முழுவதையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும்.